வால்மீகி வந்தார், சம்பூகன் வரவில்லை
ராமானந்த் சாகர்: திரைக்கதை எழுத்தாளரிலிருந்து தொலைக்காட்சித் தயாரிப்பாளர் வரை

2020 மார்ச் கடைசி வாரம். ஊரடங்கு போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மார்ச் 28ஆம் தேதியிலிருந்து தூர்தர்ஷனில் ராமாயணத்தை மறுபடி ஓட்டப் போவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று. வீட்டைவிட்டு வெளியே வராதே, உட்கார்ந்து ராமனைப் பார் என்று சனங்களுக்குச் சொல்லப்பட்டது.

எங்க சின்னம்மா அன்றைக்கும் விடியக்காலை நாலரைக்கு எழுந்து போனாள். நகராட்சியில் தெருக்கூட்டுகிற வேலை. ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது தெருவில் நடமாடியவர்கள் போலீசும் நாயும் எங்க சனமும்தான். முகக்கவசம் என்று ஒரு துணியைக் கொடுத்தார்கள். கையுறை கேட்டதற்கு 'வரும்' என்றார்கள். வரவில்லை. திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தவள், உள்ளே ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை எட்டிப் பார்த்துவிட்டு, "இதத்தானடி உங்கம்மா சின்னப் புள்ளையில சன்னல்ல தொங்கிக்கிட்டுப் பாத்தா" என்றாள்.

அது எம்.ஜி.ஆர். செத்த வருசம். ஊருக்குள் இரண்டு வீட்டில்தான் டி.வி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேரிப் பிள்ளைகள் போய் சன்னலுக்கு வெளியே நிற்கும். இந்தி ஒரு எழுத்து புரியாது. அனுமார் வந்தால் மட்டும் புரியும். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு பார்த்தார்கள். வெளியே நின்ற பிள்ளைகளுக்கோ கழற்றுவதற்குச் செருப்பே கிடையாது. அம்மா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள்.

நான் அன்றைக்கு சின்னம்மாவிடம் ஒரு சங்கதி சொன்னேன். இதே தொடருக்காக 1988இல் வடக்கே உன்னைப் போலத் தெருக்கூட்டுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அரசாங்கம் பணிந்தது என்று. சின்னம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "நெசமாவா? ஸ்ட்ரைக் பண்ணி சீரியல வாங்கினாகளா? நாங்க ஒரு கையுறைய வாங்க முடியலயேடி."

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ராமானந்த் சாகர் என்கிற மனிதரின் எழுத்து வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறேன். அவரைத் திட்டித் தீர்ப்பதற்காக அல்ல. அது சுலபம், பலரும் செய்தாயிற்று. திரைக்கதை எழுதுகிறவன் கையில் இருக்கிற அதிகாரம் என்ன, அது எப்போது அரசின் அதிகாரமாக மாறுகிறது, அந்த அதிகாரத்தோடு நம் சனங்கள் மோதியபோது எதைப் பெற்றார்கள், எதை இழந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

1

1917 டிசம்பரில் லாகூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் சந்திரமௌலி சோப்ரா. தாய்வழிப் பாட்டி தத்தெடுத்து ராமானந்த் என்று பெயர் மாற்றினார். இளமையில் வறுமை. பியூன் வேலை, லாரி கிளீனர் வேலை, சோப்பு விற்பது, தட்டார் பட்டறையில் எடுபிடி என்று பகலில் உழைத்து ராத்திரியில் படித்தார் என்பது அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்வது. சமஸ்கிருதத்திலும் பாரசீகத்திலும் தேர்ந்தவர். உருதுவில் எழுதினார். பத்திரிகை ஆசிரியராக இருந்தார். காசநோய் வந்து கிடந்தபோது ஒரு நோயாளியின் நாட்குறிப்பாக எழுதிய தொடர்தான் அவரை லாகூர் இலக்கிய வட்டாரத்தில் கவனிக்க வைத்தது.

அந்த வேலைப் பட்டியலை இன்னொரு தடவை வாசியுங்கள். மனிதர் பார்க்காத வேலை இல்லை என்று தோன்றும். ஆனால் அதில் மலம் அள்ளுகிற வேலை இல்லை. சோப்ரா என்பது பஞ்சாபின் கத்ரி சாதியாரின் குடும்பப்பெயர். ஒரு கத்ரிப் பையனை வறுமை லாரி துடைக்க அனுப்பும். கக்கூஸ் கழுவ அனுப்பாது. அந்த வேலைக்கு ஆள் அனுப்புவது சாதி. இதைச் சொல்வது அவர் பட்ட கஷ்டத்தைக் கேலி செய்ய அல்ல. 'அடிமட்டத்திலிருந்து வந்தவர்' என்று எழுதுகிறவர்கள் அடிமட்டத்துக்கும் கீழே ஒரு மட்டம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

1947 பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பம்பாய் வந்து சேர்ந்தார். அடுத்த வருடம் 'அவுர் இன்சான் மர் கயா' என்கிற உருது நாவல் வெளிவந்தது. 'மனிதன் செத்துப்போனான்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மதத்தின் பெயரால் மனிதன் மனிதனை வெட்டியதைப் பார்த்தவனின் எழுத்து.

அதே பிரிவினைக் காலத்தில் நடந்த இன்னொரு சங்கதியையும் நாம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாகிஸ்தானிலிருந்து இந்துக்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோது, துப்புரவு வேலை பார்த்த தலித்துகளை மட்டும் வெளியேற விடாமல் தடுத்தார்கள். காரணம், அவர்கள் 'அத்தியாவசியப் பணியாளர்கள்'. அவர்கள் போய்விட்டால் கராச்சித் தெருவை யார் கூட்டுவது? 1947 டிசம்பரில் அம்பேத்கர் இதைப் பற்றி நேருவுக்குக் கடிதமே எழுதினார். இந்த 'அத்தியாவசியம்' என்கிற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அது மூன்று முறை வரப்போகிறது. இது முதல் முறை.

2

1949இல் ராஜ்கபூரின் 'பர்சாத்'. கதையும் திரைக்கதையும் சாகர். ராஜ்கபூர் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்திய படம். மலைநாட்டுப் பெண்கள் இருவர், பட்டணத்து ஆண்கள் இருவர். ஒரு பெண்ணுக்குக் காதலன் கிடைக்கிறான். இன்னொருத்தி, நிம்மி நடித்த பாத்திரம், வருவான் வருவான் என்று காத்திருந்து செத்துப்போகிறாள். காலம் கடந்து திருந்தி வருகிறவன் அவளுக்குச் சிதை மூட்டுகிறான். ஆணின் தவறுக்குப் பெண் சாக வேண்டும். அவன் கண்ணீர் விட்டால் கணக்கு முடிந்தது. இந்த வாய்ப்பாட்டை நாற்பது வருடம் கழித்து அவர் மறுபடி பயன்படுத்துவார்.

1950இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். ஆனாலும் அந்தப் பத்தாண்டுகளில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது எழுத்துதான். அதில் சென்னைக்கும் பங்குண்டு. ஜெமினி எஸ்.எஸ். வாசன் எடுத்த இந்திப் படமான 'பைகாம்' (1959) படத்துக்கு வசனம் எழுதி ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார் சாகர். மில் தொழிலாளிகளின் கதை. அண்ணன் ராஜ்குமார் முதலாளிக்கு விசுவாசமாக இருப்பவன். தம்பி திலீப்குமார் சங்கம் கட்டுகிறவன். ஒரே வீட்டுக்குள் விசுவாசமும் உரிமையும் மோதிக்கொள்கின்றன. இதே கதைதான் தமிழில் சிவாஜி நடித்து 'இரும்புத்திரை' (1960) என்று வந்தது. வாசனுக்காக 'கூங்கட்', 'ஜிந்தகி' என்று இந்திப் படங்களை சாகர் இயக்கியும் கொடுத்தார்.

இரும்புத்திரையை நம்மில் பலர் பழைய பாட்டுக்காகப் பார்த்திருப்போம். மில் முதலாளி, தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், கடைசியில் சமரசம். வாசன் படத்தில் புரட்சி வராது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் தொழிலாளி வேலையை நிறுத்தினால் முதலாளி நடுங்குவான் என்கிற உண்மையைத் தெரிந்த கை அந்த வசனத்தை எழுதியிருக்கிறது. வேலைநிறுத்தம் என்றால் என்ன என்று சாகருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1988இல் உண்மையான ஒரு வேலைநிறுத்தம் அவருடைய எழுத்து மேசைக்கே வந்து நின்றபோது, அதே கை என்ன எழுதியது என்பதுதான் நம் கேள்வி.

3

அறுபதுகளுக்குப் பிறகு அவர் முழுக்கத் தயாரிப்பாளர், இயக்குநர். 'ஆர்ஸு' (1965), 'ஆங்கேன்' (1968). 'ஆங்கேன்' உளவாளிப் படம். தேசத்தின் எதிரிகளை தர்மேந்திரா பிடிக்கிறார். சிறந்த இயக்குநர் விருதும் கிடைத்தது. பிறகு 'கீத்', 'லல்கார்', 'சரஸ்'. மனிதன் செத்துப்போனான் என்று எழுதியவன், மில் தொழிலாளிக்கு வசனம் எழுதியவன், மெல்ல மெல்ல தேசத்துக்கு எதிரி யார் என்று தேடுகிற கதைகளுக்கு வந்து சேர்ந்தான். இதைச் சாகர் என்கிற தனி ஆளின் சறுக்கலாக மட்டும் பார்க்க முடியாது. எழுத்தாளன் முதல் போடுகிறவனாக ஆகும்போது அவன் பேனா யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறிவிடுகிறது. எழுத்தாளனாக இருக்கையில் ஒரு காட்சி உண்மையா என்று கேட்கிறான். முதலாளியான பின்பு அது விற்குமா, தணிக்கை விடுமா, மந்திரி கோபிப்பாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எண்பதுகளில் தொலைக்காட்சிக்குப் போனார். சினிமாக்காரர்கள் டி.வி.யை மட்டமாக நினைத்த காலம் அது. 1985இல் 'விக்ரம் அவுர் பேத்தால்', நம்மூர் விக்கிரமாதித்தன் வேதாளக் கதை. அதற்குப் பின் 1987 ஜனவரி 25, ராமாயணம். குஜராத்தில் உம்பர்காவ்னில் அரங்கம் போட்டு எடுத்தார்கள். 52 வாரம் என்று திட்டமிட்டது 78 வாரம் ஓடியது. தூர்தர்ஷனைத் தவிர வேறு அலைவரிசை கிடையாது. ஒரே அரசு, ஒரே பெட்டி, ஒரே ராமன். பெட்டிக்கு மாலை போட்டார்கள், சூடம் காட்டினார்கள், அந்த நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடின என்றெல்லாம் அன்றைய பத்திரிகைகள் எழுதின.

கவனியுங்கள்: அப்போது தில்லியில் ஆண்டது பா.ஜ.க. அல்ல. ராஜீவ் காந்தியின் காங்கிரஸ். 1986 பிப்ரவரியில் பாபர் மசூதியின் பூட்டு திறக்கப்பட்டது. அடுத்த வருடம் ராமன் டி.வி.யில் வந்தான். 1990இல் அத்வானி ரதம் ஏறினார். 1991இல் சீதையாக நடித்த தீபிகாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் குஜராத்திலிருந்து பா.ஜ.க. எம்.பி.க்களாக நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். 1992 டிசம்பர் 6இல் மசூதி இடிக்கப்பட்டது. ராமனாக நடித்த அருண் கோவில் 2024இல் மீரட்டிலிருந்து எம்.பி. ஆனார். தொடர்தான் மசூதியை இடித்தது என்று சொல்வது சோம்பேறித்தனமான விமர்சனம். ஆனால் நூற்றுக்கணக்கான ராமன்கள் இருந்த ஒரு நாட்டில், எல்லா வீட்டுக்கும் ஒரே முகம் கொண்ட ஒரு ராமனைக் கொண்டுபோய் வைத்தது அந்தத் தொடர். ரதம் பிறகு வந்து அந்த முகத்தை எடுத்துக்கொண்டது.

நூற்றுக்கணக்கான ராமன்கள் என்று சாகருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். வால்மீகி, துளசி, கம்பன், கிருத்திவாசன், ஏகநாதர் என்று பல மொழி ராமாயணங்களைத் தொடரின் தொடக்கத்தில் அவரே பட்டியல் போட்டுக் காட்டினார். பல பிரதிகளிலிருந்து எடுத்துத் தொகுத்தேன் என்பது அவருடைய வாதம். தொகுப்பவன் எடுப்பதைச் சொல்வான். எதை விட்டான் என்பதை அவன் பட்டியலில் தேட முடியாது. விட்டதைத் தேடுவது நம் வேலை.

4

அதே 1987இல், சாகர் தொழில் செய்த அதே பம்பாயில், இன்னொரு ராமன் அச்சில் வந்தான். மகாராஷ்டிர அரசு வெளியிட்டு வந்த அம்பேத்கர் எழுத்துகளின் நான்காம் தொகுதி: 'இந்துமதத்தின் புதிர்கள்'. அதன் பின்னிணைப்பில் 'ராமன், கிருஷ்ணன் பற்றிய புதிர்' என்கிற அத்தியாயம். வால்மீகியின் பிரதியையே கையில் எடுத்துக்கொண்டு ராமனை விசாரித்தார் அம்பேத்கர். வாலியை மறைந்து நின்று கொன்றது, சீதையை நடத்திய விதம், சம்பூகனின் தலையை வெட்டியது. எல்லாம் வால்மீகி சொன்னதுதான். அவராக ஒன்றையும் சேர்க்கவில்லை.

சிவசேனை கிளம்பியது. அத்தியாயத்தை நீக்கு என்றார்கள். 1988 ஜனவரியில் அமராவதியில் புத்தகத்தை எரித்தார்கள். பதிலுக்கு, பிப்ரவரியில் பம்பாய்த் தெருக்களை தலித் மக்கள் லட்சக்கணக்கில் நிறைத்தார்கள். கடைசியில் என்ன ஆயிற்று? அத்தியாயம் தப்பித்தது. ஆனால் இந்தக் கருத்துகளோடு அரசுக்கு உடன்பாடில்லை என்கிற பொருளில் ஒரு குறிப்பு புத்தகத்தில் ஏறியது.

தோழர்களே, இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அரசு அச்சடித்த அம்பேத்கர் புத்தகத்துக்கு 'அரசுக்கு உடன்பாடில்லை' என்று ஒரு ஒட்டு. அரசு ஒளிபரப்பிய சாகரின் ராமாயணத்துக்கு அப்படி ஒரு ஒட்டும் இல்லை. மதச்சார்பற்ற அரசு என்று எழுதி வைத்துக்கொண்டவர்கள் எந்த ராமனோடு உடன்பட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் எதற்கு?

5

1988 ஜூலை 31. பட்டாபிஷேகத்தோடு தொடர் முடிந்தது. கம்பன் முடித்த இடமும் அதுதான். ஆனால் வால்மீகியின் பெயரில் ஏழாவது காண்டம் ஒன்று இருக்கிறது. உத்தர காண்டம். காட்டுக்குத் துரத்தப்பட்ட கர்ப்பிணி சீதைக்கு வால்மீகி அடைக்கலம் கொடுப்பதும், லவனும் குசனும் அவரிடம் வளர்வதும் அதில்தான் வருகின்றன.

பஞ்சாபிலும் வடமாநிலங்களிலும் துப்புரவு வேலையில் தள்ளப்பட்ட சாதியார் பலர் தங்களை வால்மீகி என்று அழைத்துக்கொள்கிறார்கள். வால்மீகியே அவர்களுக்குக் குரு, தெய்வம். நம் பக்கம் அருந்ததியர் மத்தியில் இப்படி ஒரு மரபு கிடையாது என்பதால் நமக்கு இது உடனே பிடிபடாது. உலகமே கும்பிடுகிற காவியத்தை எழுதியவன் எங்கள் ஆள் என்பது அவர்களுக்கு வெறும் பக்தியில்லை. கையில் துடைப்பத்தைத் திணித்தவர்களிடம், இந்தக் கைதான் எழுத்தாணியையும் பிடித்தது என்று சொல்லிக்காட்டுவது.

அந்த வால்மீகியைக் காட்டாமல் தொடரை முடிக்கக் கூடாது என்றுதான் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அது வடக்கே பல நகரங்களுக்குப் பரவியது. குப்பை மலையாகக் குவிந்தது. நோய் பரவும் என்று அரசு பயந்தது. அத்தியாவசியம்! இது இரண்டாவது முறை. கடைசியில் மேற்கொண்டு பகுதிகளை எடுக்க சாகருக்கு அனுமதி கிடைத்தது. 1988 அக்டோபரில் 'உத்தர ராமாயணம்' ஒளிபரப்பானது.

இதைக் கேட்டால் நம் பகுத்தறிவுத் தோழர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கூலிக்காகப் போராடாமல் சாமி சீரியலுக்காகவா போராடுவது என்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. யோசித்துப் பாருங்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டு அசையாத தூர்தர்ஷன், தெருக்கூட்டுகிறவர்கள் துடைப்பத்தைக் கீழே போட்டவுடன் அசைந்தது. முடிந்துபோன கதையை மறுபடி எழுத வைத்தார்கள். அந்த வகையில் உத்தர ராமாயணத்துக்கு சாகரோடு இன்னொரு திரைக்கதை ஆசிரியரும் உண்டு. பெயர்ப் பட்டியலில் வராத ஆசிரியர். ஜலந்தரின் துப்புரவுத் தொழிலாளி.

6

சரி, சாகர் என்ன எழுதினார்?

வால்மீகியைக் கொண்டுவந்தார். மரியாதையாகக் காட்டினார். லவன், குசன் வந்தார்கள். சீதை காட்டுக்குப் போனாள். ஆனால் ராமன் துரத்தியதாக அல்ல. ராச்சியத்தையே துறக்கத் தயாராகத் தவிக்கிற ராமனைக் காப்பாற்ற சீதையே பிடிவாதமாகக் கிளம்புவதாக எழுதினார். போரின் முடிவில் தீக்குளிக்க வைத்ததற்கும் துளசியிடமிருந்து மாயச் சீதையை எடுத்துச் சமாதானம் சொல்லியிருந்தார். 'பர்சாத்'தின் பழைய வாய்ப்பாடுதான். குற்றம் ஆணுடையது, தண்டனை பெண்ணுக்கு, கண்ணீர் பார்வையாளருக்கு. அதிலும் இங்கே ஒரு படி மேலே போய், தண்டனையை அவளே கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

சம்பூகனை விட்டுவிட்டார்.

வால்மீகியின் உத்தர காண்டத்தில் அது சின்ன நிகழ்ச்சியில்லை. ஒரு பார்ப்பனச் சிறுவன் செத்துப்போகிறான். எங்கோ ஒரு சூத்திரன் தவம் செய்வதால்தான் இந்தச் சாவு என்று நாரதர் சொல்கிறார். ராமன் விமானம் ஏறித் தேடிப் போகிறான். தலைகீழாகத் தொங்கித் தவம் செய்கிற ஒருவனிடம் நீ எந்த வருணம் என்று கேட்கிறான். சூத்திரன் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் தலையை வெட்டுகிறான். தேவர்கள் பூமாரி பொழிகிறார்கள். செத்த பிள்ளை பிழைக்கிறது. ராமராஜ்யத்தின் சட்ட ஒழுங்கு இது. நால்வருணம் தண்டனை இல்லாமல் நிற்காது, அதற்கு ராமன் சம்பூகனைக் கொன்றதே சாட்சி என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார்.

எந்த வால்மீகிக்காக நம் சனங்கள் வேலையை நிறுத்தினார்களோ, அந்த வால்மீகியின் பிரதியிலிருந்தே இதை வெட்டியெடுத்துவிட்டார்கள். எழுதியவனுக்குத் திரையில் இடம். எழுதப்பட்டதற்கு இடமில்லை. கேட்டது கிடைத்தது போலவே இருக்கும். ஆனால் நமக்கு முக்கியமான பக்கம் கிழிக்கப்பட்டிருக்கும். சாதியச் சமூகம் நமக்குத் தருகிற பிரதிநிதித்துவம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ஆளை மேடையில் ஏற்றுவார்கள், ஒலிபெருக்கியை அணைத்துவிடுவார்கள்.

ஒருவர் கேட்கலாம்: அந்தக் கொலையைக் காட்டாமல் விட்டது நல்லதுதானே? பூமாரியோடு காட்டியிருந்தால் நமக்குத்தானே அவமானம்? நியாயமான கேள்வி. கொலையை நியாயம் என்று காட்டுவதைவிட மறைப்பது மேல் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் மறைத்ததால் லாபம் யாருக்கு? அந்தப் பக்கம் இல்லாத ராமராஜ்யம் கறையில்லாத ராமராஜ்யம் ஆகிவிடுகிறது. அதைத்தான் இரண்டே வருடத்தில் ரதத்தில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டினார்கள். மண்டல் பரிந்துரையை அமலாக்குவோம் என்று 1990 ஆகஸ்டில் வி.பி. சிங் அறிவித்த அடுத்த மாதமே அந்த ரதம் கிளம்பியது. சூத்திரன் படிக்கவும் பதவிக்கு வரவும் கூடாதா என்று கேள்வி எழுந்த நேரத்தில், சூத்திரன் தவம் செய்ததற்காகத் தலை வெட்டிய ராமன் சனங்களின் நினைவில் இருந்திருந்தால் அந்த ரதத்தின் பின்னால் போன கூட்டம் கொஞ்சமாவது யோசித்திருக்கும்.

காட்டுவது, மறைப்பது என்று இரண்டு வழிதானா? மூன்றாவது ஒன்று உண்டு. கேமராவைச் சம்பூகன் பக்கம் வைப்பது. வாளைப் பார்க்கிற கண் சம்பூகனுடையதாக இருக்கட்டும். வெட்டுப்பட்டவனின் பக்கம் நின்று எழுத சாகருக்குத் தெரியும். 1948இல் அதைத்தான் செய்தார். அவருக்குத் திறமை இல்லாமல் போகவில்லை. சம்பூகனை 'இன்சான்' என்று பார்க்கிற கண் வேலை செய்யவில்லை.

இது சாகருக்கு எட்டாத சிந்தனை என்றும் சொல்ல முடியாது. வடக்கே சம்பூகனைப் பற்றி எழுதிய மரபு ஏற்கெனவே இருந்தது. ஆதி இந்து இயக்கம் நடத்திய சுவாமி அச்சுதானந்தர் சம்பூகனை வைத்து 'ராமராஜ்ய நியாய்' என்று நாடகம் எழுதினார். கான்பூர்ப் பக்கத்து லலாய் சிங் 'சம்பூக் வத்' என்று எழுதினார். பெரியாரின் ராமாயண விமர்சனத்தை 'சச்சி ராமாயண்' என்று 1968இல் இந்தியில் வெளியிட்டவரும் அவரே. உத்தரப்பிரதேச அரசு 1969இல் அதைப் பறிமுதல் செய்தது. உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார். 1976இல் உச்சநீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. பல்மொழி ராமாயணப் பட்டியல் போட்ட சாகரின் கண்ணில் இவை எதுவும் பிரதியாகத் தெரியவில்லை. கம்பனுக்கு இடம் உண்டு. கம்பனைக் கேள்வி கேட்ட ஈரோட்டுக் கிழவனுக்கு இடம் கிடையாது.

7

சாகர் அதற்குப் பிறகு கிருஷ்ணனை எடுத்தார். 2000இல் பத்மஸ்ரீ வாங்கினார். 2005 டிசம்பரில் இறந்தார். தொலைக்காட்சியின் வரலாற்றில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. இருக்கட்டும்.

நமக்கு அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. கதையில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே, விட்டது எது என்று பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இன்றைக்கு நம் பிள்ளைகள் சினிமாவிலும் தொடரிலும் எழுத வந்துவிட்டார்கள். சந்தோசம். ஆனால் எழுத்தாளனாக உள்ளே போகிறவன் தயாரிப்பாளனாக வெளியே வரும்போது எந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வருகிறான் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சாகரிடம் கேட்ட அதே கடுமையோடு நம் ஆட்களிடமும் கேட்க வேண்டும்.

சின்னம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஜலந்தர்க்காரர்களால் வாங்க முடிந்தது, இவர்களால் ஏன் முடியவில்லை? அவர்களில் பெரும்பாலோர் நகராட்சியின் நிரந்தரத் தொழிலாளர்கள். சங்கம் இருந்தது என்று நான் பாடம் மாதிரி சொல்ல ஆரம்பித்தேன். இவர்களோ ஒப்பந்தக் கூலிகள். ஒருநாள் வராவிட்டால் மறுநாள் வேறு ஆள். 2020இல் மூன்றாவது முறையாக நம்மை 'அத்தியாவசியம்' என்றார்கள். சில ஊர்களில் மேலே பூவும் தூவினார்கள். சம்பூகன் செத்தபோது தேவர்கள் தூவியது எனக்கு நினைவுக்கு வந்தது. கேட்ட கையுறையைக் கொடுக்கவில்லை.

சின்னம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். சம்பூகன் கதையை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். "தல கீழா தொங்கிக்கிட்டு இருந்தவனையா வெட்டுனான்?" என்றாள். ஆமாம் என்றேன். "அவன் பேரு என்னன்ன?" என்று மறுபடி கேட்டாள். வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

உள்ளே தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் விடியக்காலை நாலரைக்கு அவள் வேலைக்குப் போக வேண்டும். எழுந்து போய் பெட்டியை அணைத்துவிட்டுப் படுத்தாள்.